பிறர்பேச்சுக் காய்ச்சல்

பிறர்பேச்சுக் காய்ச்சல் கருக்கம்பாளையத்துக்கு வந்தது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் என்றுதான் ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், கடைக்காரர்கள் சங்கத்து மினிட்ஸ் நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் அது அதற்குப் பல நாள் முன்பே வந்து, பனியன் கம்பெனியின் மாடியில், முதலாளி சிவசாமியின் ஏசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தது என்பது பழனாத்தாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுகிற வேலை; இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்து செய்து, மனிதர்களைப் பார்த்தாலும் எங்கே ஒட்டலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். ஷிப்டுக்கு முன்னால் மாடியைக் கூட்டித் துடைக்கிற வேலையும் அவள் தலையில்தான். முதலாளி வெளிநாடு போய்ச் சரக்கு வாங்குகிற பையர்களைப் பார்த்துவிட்டு வந்த இரண்டாம் நாள் காலையில் அவள் துடைப்பத்தோடு மாடியேறினால், அறைக்குள்ளிருந்து பேச்சுக் கேட்கிறது. குரல் சிவசாமியுடையதுதான், ஆனால் பேச்சு அவருடையது இல்லை. தொண்டையிலேயே வைத்து அரைத்துத் துப்புகிற ஏதோ ஒரு பாஷை. "ஐயா போன்ல பையர்கூடப் பேசீட்டிருக்கறாரு, நீ கீழ போ" என்றார் மேனேஜர். முதலாளியின் போன் வெளியே மேசைமேல் சார்ஜில் கிடந்தது. பழனாத்தாள் அதைப் பார்த்தாள், மேசையைத் துடைத்தாள், கீழே இறங்கிப் போனாள். பெரிய இடத்தில் கண்ணில் படுவதற்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்ட முடியுமா?

அந்தக் காய்ச்சலின் குணம் பிற்பாடு எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. பொதுமக்களே, காய்ச்சல், தொண்டை வறட்சி, பிறர் பேச்சு, இந்த மூன்றும் இருந்தால் உடனே தகவல் கொடுக்கவும் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரிடமிருந்து நோய் தொற்றியதோ அவர் அப்போது எந்தப் பேச்சில் இருந்தாலும் அவருடைய சொந்தப் பேச்சு, நோய் வந்தவர் வாயில் வந்து மூன்று நாள் குடியிருக்கும். நினைப்பு அவரவருடையது, குரலும் அவரவருடையது, நாக்கு மட்டும் இரவல். அந்த இரவல் நாக்குக்கு எந்தெந்த வார்த்தை பழக்கமோ அதை வைத்துக்கொண்டுதான் உள்ளே இருக்கிறவர் தன் பசியையும் வலியையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் பேச்சு திரும்பும், சிலருக்கு மூச்சு நின்றுவிடும். இதைக் கேட்டு ஊர் ஒன்றும் வாயைப் பிளந்துவிடவில்லை. போன வருஷம் டெங்கு, அதற்கு முந்தி சிக்குன்குனியா, இந்த வருஷம் இது என்று சொல்லிக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

ஆயுத பூஜைக்குச் சிவசாமி தன் கையால்தான் பொரி கொடுப்பார். அது அவர் அப்பா காலத்து வழக்கம். மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து, "நல்லா இரு, சோலியப் பாரு" என்று வாய் நிறையச் சொல்லிக் கொடுப்பார். உள்ளூர்க்காரர்களுக்குப் பொரி, கடலை, வெல்லம்; வடக்கேயிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கித் தைக்கிறவர்களுக்குப் பொரி மட்டும். பேச்சு திரும்பி மாடியிலிருந்து இறங்கியவர் அந்த வருஷமும் அப்படித்தான் கொடுத்தார். நோயை மட்டும் அவர் பாகுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். பழனாத்தாள் வரிசையின் கடைசியில் நின்றதால் அவள் முறை வருவதற்குள் பொரி தீர்ந்துவிட்டது.

ஒரு வாரத்தில் ஊரே அனலாகக் கொதித்தது. உள்ளூர் ஆண்களில் காய்ச்சல் கண்டவர்கள் கட்டிலில் படுத்தபடி, "ஏய், எத்தன தடவ சொல்றது? சோலியப் பாரு, சோலிய!" என்று பெண்டாட்டி பிள்ளைகளை அதட்டினார்கள், பேசியது தமிழ், பேசிய தோரணையும் வீட்டில் பழக்கப்பட்டதுதான், அதனால் ஒருத்தி வீட்டிலும் அது நோயாகப் படவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். எழுந்தவர்கள் எழுந்தார்கள், எழாதவர்களை மாரடைப்பு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். லைன் வீடுகளில் நிலைமை வேறு. நேற்று வரை 'பானி' என்று கேட்ட ஒடிசாக்காரன் ஒருவன் இன்றைக்குப் பாயில் சுருண்டுகொண்டு, "டேய், எவண்டா அங்க? தண்ணி கொண்டாடா, சொல்லிப்போட்டனாக்கும்!" என்று கத்தினான். பாவம், அவன் உள்ளுக்குள் கெஞ்சித்தான் கேட்டிருப்பான், ஆனால் முதலாளியின் நாக்கில் கெஞ்சுகிற வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் கொண்டுபோன, தெருக்குழாய் திறந்துவிடுகிறவர் குடத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டு, "பொழைக்க வந்த நாய்க்கு என்ன திமிருங்க!" என்று திரும்பிவிட்டார்.

அப்படியே ஊருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. புரிந்தது இதுதான்: நோய் வடக்கத்தியாட்களுடையது, அதற்கு அடையாளம் தமிழ். எந்த வடக்கத்தி ஆள் வாயில் தமிழ் வருகிறதோ அவன் நோயாளி. இந்தியோ வேறெதுவோ பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவனுக்கு ஒன்றும் இல்லை. லைன் வீடுகளின் முகப்பில் முள் வெட்டிப் போட்டார்கள். நாலைந்து வருஷமாகக் கடைகண்ணியில் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் அதை மறந்துபோனார்கள். மளிகைக் கடையில் விரலால் பருப்பைக் காட்டினார்கள், அரிசியைக் காட்டினார்கள், எவ்வளவு என்பதற்குக் கையை விரித்துக் காட்டினார்கள். இவனுகளுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் தமிழ் வராது என்று முன்பு திட்டிய கடைக்காரர்களே, இப்போது அவர்களுக்குத் தமிழ் வராததைக் கண்டு நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

செக்கிங் டேபிளில் பழனாத்தாளுக்கு எதிரே நின்று வேலை செய்தவள் சுகாந்தி, பொரி வரிசையிலும் அவளோடு கடைசியில் நின்று வெறுங்கையோடு திரும்பியவள். ஒடிசாவில் கந்தமால் பக்கம் ஏதோ மலையடிவாரம். புருஷனோடு வந்தவள், அவன் வேறு ஊருக்கு வேறொருத்தியோடு போய்விட, இவள் மட்டும் தங்கிவிட்டாள். கம்பெனி நோட்டில் அவள் பெயருக்கு நடுவில் இருந்த காலைப் பிடுங்கிச் சுகந்தி என்று எழுதிவிட்டார்கள். "என் பேருக்கு ஒரு கால் ஒடைஞ்சிருச்சுக்கா" என்று அவள் தமிழ் எழுத்துப் பழகிய பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பழனாத்தாள் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் வார்த்தை 'தெரியாது.'

"எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு புள்ள. டேமேஜு எப்படி வந்துச்சு? தெரியாது. ஆரு லீவு? தெரியாது. இந்த ஒத்த வார்த்தையிலயே நானு பதினாலு வருசம் ஓட்டிப்போட்டேன்."

"தெரியும்னு சொல்றதுக்கு?"

"அது உனக்கெதுக்கு? தெரியும்னு சொன்னீன்னா வேல சேரும்."

சுகாந்தி விடவில்லை. தெரியாது என்பதற்குத் தங்கள் பாஷையில் 'ஜாணினி', தெரியும் என்பதற்கு 'ஜாணே' என்று அவள் பதிலுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதோடு இன்னொன்றும் கேட்டாள். "அக்கா, நீ போன்ல மககிட்டப் பேசறது தமிழ் இல்லையே, அது என்ன பேச்சு?" பழனாத்தாளின் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்; தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஊரார் அந்தத் தெருவுக்குப் பெயர்கூடச் சொல்லாமல் 'அந்தத் தெரு' என்பார்கள். உன் பேச்சு என்ன என்று அதுவரை அவளை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டவுடன் பழனாத்தாளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குச் சுகாந்தியைப் பிடித்துப்போயிற்று, கூடப் பிறந்தவளைப் போல என்று சொல்ல வேண்டியதில்லை, கூடப் பிறந்தவள் ஒருத்தி அவளுக்கு இருக்கிறாள், அவளை இவ்வளவு பிடிக்காது.

அந்தச் சுகாந்தியை வெங்காயம் காட்டிக்கொடுத்துவிட்டது. மற்றவர்களைப் போல அவளும் விரலைக் காட்டித்தான் கேட்டாள். கடைக்காரர் கூடையின் அடியில் கிடந்த அழுகலாகப் பார்த்துப் பொறுக்கித் தராசில் போட்டதும் வாய் நிற்கவில்லை. "ஏனுங்கண்ணா, அழுகலயே பாத்துப் போடறீங்க? நாங்களும் திங்கறதுக்குத்தான வாங்கறோம்?" என்று கேட்டுவிட்டாள். பொத்துக்கொண்டு வந்த அந்தத் தமிழைக் கேட்டு, கடையில் நின்ற ஆறு பேரும் தராசையும் பையையும் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் நாற்காலி, அடுத்து பெஞ்சு, அதற்கப்புறம் ஜமுக்காளம். பழனாத்தாளின் தெருக்காரர்கள் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்றார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்கவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது அந்த மாதம்தான், அவர்கள் அதை எந்தக் காலத்திலிருந்தோ செய்துகொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் பாத்திரக்கடை நாச்சிமுத்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, சீக்கு வந்தவர்களை என்ன செய்வது, ஊரை எப்படிக் காப்பது என்று ஆரம்பித்தார்.

"வண்டி வெச்சு ஏத்தி உடுங்க, அவங்க ஊருக்கே போகட்டும்" என்றார் ஒருவர்.

"போயிட்டா ஆரு தெக்கிறது? தீபாவளி ஆர்டர உன்ற பாட்டியா தெப்பா?" என்றார் இன்னொருவர்.

"அப்ப சீக்கானவங்களப் பூட்டி வெய்யிங்க. நல்லா இருக்கறவங்க தெக்கட்டும்."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஜமுக்காளத்திலிருந்து மெல்ல எழுந்தார். "நானு ஒண்ணு சொல்றனுங்க. தொத்தினவங்க பேச்சுத்தான வாயில வரும்னு ஆட்டோவுல சொல்றாங்க? லைன் வீட்டுல பேசறதக் காது குடுத்துக் கேட்டா, சோலியப் பாரு சோலியப் பாருங்கறாங்க. அது நம்ம முதலாளி பேச்சு மாதிரியல்ல இருக்குது?"

பழனாத்தாள் செருப்புகளைத் தாண்டி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். இந்த ஒரு மனிதர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் வாயைத் திறந்துவிடுவேன் என்று நினைத்தாள். பிறகு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. "அவரப் பாத்துப் பாத்து நக்கலு பண்றானுங்க வாத்தியாரே! இத்தன நாளாத் தமிழ் தெரியாத மாதிரி நடிச்சிருக்கறானுங்க பாருங்க" என்றார் நாச்சிமுத்து. முன்வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்த சிவசாமியும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து, பாவம், அவர்களும் மனிதர்கள்தானே, நமக்காக உழைக்கிறவர்கள்தானே, சீக்கானவர்களைத் தங்கவைக்கத் தன்னுடைய வேஸ்ட் துணிக் குடோனை இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னார். கைதட்டினார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாத்தியார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் சுகாந்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தொடாமல் தள்ளிக்கொண்டு வருவதற்கு இரண்டு பேர் நீள மூங்கில் வைத்திருந்தார்கள். அவள் கும்பிட்டாள்.

"எனக்கு நோவு இல்லீங்க சாமி. எட்டு வருசமா இங்க இருக்கறனுங்க சாமி. தமிழ் தானாப் பழகிக்கிட்டனுங்க."

நாச்சிமுத்து மைக்கை வாயிலிருந்து எடுத்து, மறுபடி வைத்தார். "கேட்டீங்களா? சாமீங்கறா. இந்த மண்டபத்துல உக்காந்திருக்கறவங்க ஆராச்சும் ஒருத்தர ஒருத்தர் சாமீன்னு கூப்புடுவமா? அந்தத் தெருப் பேச்சல்ல இது! அப்ப இவளுக்கு அங்கிருந்துதான ஒட்டியிருக்கோணும்?"

தலைகள் எல்லாம் செருப்புக் கழற்றுகிற இடத்தைப் பார்த்துத் திரும்பின. சாமி என்ற அந்த வார்த்தையைப் பழனாத்தாள்தான் சொல்லிக்கொடுத்தாள். பெரியவர்களிடம் பேசும்போது இப்படிச் சொல்ல வேண்டும் என்று, தன் அம்மா தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, யோசிக்காமல், மரியாதை என்று நினைத்துக்கொண்டு. தமிழில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அந்தப் பெண் எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பழனாத்தா, முன்னுக்கு வா. வந்தது போதும், அங்கயே நில்லு. உன்ற டேபிள்ல நிக்கறவதான இவ? இந்தப் பேச்சு நீ பழகிக் குடுத்ததா, ஒட்டிக் குடுத்ததா?" என்று நாச்சிமுத்து மைக்கிலேயே கேட்டார்.

அவளுக்கு எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. பழகிக் கொடுத்தேன் என்றால் நம்ப மாட்டார்கள், ஒட்டிக் கொடுத்ததாகத்தான் வைத்துக்கொள்வார்கள். நாளைக் காலையில் தெரு முனையில் முள் விழும். வீட்டில் மகள் வசந்தாமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஒன்பதாம் மாதம், வலி எடுத்தால் அந்த முள்ளைத் தாண்டி எந்த ஆட்டோ வரும்? மாடியில் கேட்டதைச் சொன்னால்? யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு பழனாத்தா, பயப்படாத. இவள உனக்குத் தெரியுமா?" என்று சிவசாமி தணிந்த குரலில், மிகவும் இதமாகக் கேட்டார்.

"தெரியாதுங்க சாமி."

சுகாந்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பழனாத்தாள் பிழைத்திருப்பாள். செக்கிங் டேபிளில் ஒரு புதுப் பாடம் சொல்லிக்கொடுத்தால் எப்படிக் கவனித்துக் கேட்பாளோ அப்படிக் கேட்டுக்கொண்டு, அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

"உன்ற பேரென்ன?" என்றார் நாச்சிமுத்து.

"தெரியாது."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"ஆருகிட்டத் தமிழ் பழகுன? ஆரு ஊட்டுக்குப் போவ வருவ?"

"தெரியாது. தெரியாது."

கம்பெனி மேனேஜரைக் கேட்டார்கள். காண்ட்ராக்டில் வந்தவர்களின் பெயர் எதுவும் கம்பெனியில் கிடையாது என்று, நோட்டில் சுகந்தி என்று எழுதிவைத்திருந்தும், அவர் சொன்னார். குடோன் நோட்டில் எழுதினார்கள். பெயர்: தெரியாது. ஊர்: தெரியாது. நோயின் அடையாளம்: தமிழ் பேசுகிறாள்.

குடோன் ஊர் எல்லையில், ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. வெட்டி மிஞ்சிய பனியன் துண்டுகளை மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற இடம். அந்த மூட்டைகளின் மேல்தான் அவர்களைப் படுக்கச் சொன்னார்கள். காவலுக்குக் குப்பண்ணன். அவர் கம்பெனி வாட்ச்மேன், அறுபதைத் தாண்டியவர், தனிக்கட்டை. பத்து வருஷமாகப் பழனாத்தாள் தன் தூக்குப்போசியில் கொண்டுவருகிற குழம்பில் பாதியை அவருக்கு ஊற்றிவிட்டுத்தான் சாப்பிடுவாள். யார் கிட்டே வந்தாலும் அவர்களையும் உள்ளே தள்ளிப் பூட்டு, விட்டால் உன்னையும் சேர்த்துப் பூட்டுவோம் என்று அவருக்கு உத்தரவு. பொழுது சாய்கிற நேரத்தில் பழனாத்தாள் கஞ்சியோடு போய் நின்றதும் அவர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "பின்னால ஜன்னலுக்குப் போ. அஞ்சு நிமிசந்தான்" என்றார்.

இரண்டு நாள் சுகாந்தி ஜன்னலுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் முதலில் கேட்டது, "வசந்தாமணிக்கு வலி வந்திருச்சா அக்கா?"

பழனாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "என்ற பேரச் சொல்லியிருக்கலாமில்ல புள்ள, பழனாத்தாதான் பழகிக் குடுத்தான்னு நாலு பேரு முன்னால கத்தியிருக்கலாமில்ல!"

"நீதானக்கா சொல்லிக் குடுத்த. எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லோணும்னு."

தினமும் ஐந்து நிமிஷம். உள்ளே ஒரு பக்கம் முதலாளியின் தமிழ் அதட்டிக்கொண்டே இருக்கும், "சோலியப் பாரு! ஏய், எந்திரி! எந்திரி, சொல்லிப்போட்டேன்!" என்று, செத்துக்கொண்டிருந்த தம்பியை அண்ணன் அப்படி எழுப்பினான் என்று சுகாந்தி சொன்னாள். ஒன்பதாம் நாள் அவளுக்கும் காய்ச்சல் கண்டது. நோயே இல்லாமல் உள்ளே போனவளுக்கு நோயை உள்ளேதான் கொடுத்தார்கள். கொடுத்தது பக்கத்து மூட்டையில் கிடந்த பீகார்க் கொத்தனார் ஒருவன் போலிருக்கிறது. அவள் வாயிலிருந்து ஓர் ஆம்பிளையின் பேச்சு தடதடவென்று வந்தது. எட்டு வருஷம் சேர்த்த தமிழும் போயிற்று, பிறந்து வளர்ந்த ஒடியாவும் போயிற்று. இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, ஒருத்தி தெலுங்கிலும் ஒருத்தி பீகார்க்காரன் பேச்சிலுமாக, புரிகிறது புரியவில்லை என்று பார்க்காமல் பேசினார்கள். பதினோராம் நாள் சுகாந்தியால் எழுந்து நிற்க முடியவில்லை. மூட்டையில் சாய்ந்தபடி கையை மட்டும் கம்பி வழியாக நீட்டினாள். தொடக்கூடாது என்று பழனாத்தாளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குப்பண்ணன் வந்து கூப்பிடுகிற வரைக்கும் விடவில்லை.

மறுநாள் வசந்தாமணிக்கு வலி எடுத்தது. முள் இல்லாத தெருவுக்குள் ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் ஆளைத்தான் கூட விடுவோம் என்றார்கள், மாமியார்க்காரி போனாள். அதற்கடுத்த நாள் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று மாப்பிள்ளை போனில் சேதி அனுப்பினார். அதே நாள் காலையில், குடோனிலிருந்து மூன்று பேரை வெள்ளைத்துணியில் சுற்றி முனிசிபாலிட்டி வேனில் ஏற்றியதாகவும், அதில் ஒன்று பொம்பளை என்றும் தெருவில் பேசிக்கொண்டு போனார்கள்.

பழனாத்தாள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, தொண்டை மட்டும் வறண்டு கிடந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் அரசாங்கத்திலிருந்து பஸ் விட்டிருக்கிறார்கள், சீக்கில்லாத வடக்கத்தியாட்களை ரயிலடிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஆட்டோ மைக் சொல்லிக்கொண்டு போனபோது எழுந்தாள். இனி என்ன பயம்? பிள்ளை பிறந்துவிட்டது. முள் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அந்தக் குடோன் நோட்டில் ஒரு பெயரை எழுதவைக்க வேண்டும், நடுவில் காலோடு, அதற்குமேல் எது வந்தாலும் வரட்டும். குப்பண்ணனுக்கென்று வைத்த குழம்பைப் பழக்க தோஷத்தில் தூக்குப்போசியில் ஊற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள். உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

குடோன் வாசலில் மேசை போட்டு, தாலுகா ஆபீஸிலிருந்து வந்த கிளார்க் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர், முகத்தை மூடியிருந்தார். ஒரு பக்கம் குடோன் நோட்டு, ஒரு பக்கம் பஸ் நோட்டு. பக்கத்தில் முக்காலியில் குப்பண்ணன். கிளார்க் வேன் டிரைவருக்கு வாசித்துக்கொண்டிருந்தார்: "நேத்துப் போனது மூணு. மூணாவது பொம்பள. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அடையாளம் தமிழ் பேசுகிறாள். கையெழுத்துப் போடுங்க."

பழனாத்தாள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரியும், எனக்கு அவளைத் தெரியும், அவள் பெயர் சுகாந்தி, நான்தான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், மண்டபத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று அத்தனையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஜாணே. மு ஜாணே. சுகாந்தி, தா நாம் சுகாந்தி."

அவளே திடுக்கிட்டுப்போனாள். மறுபடி சொன்னாள், மறுபடியும் அதே பேச்சுத்தான் வந்தது. முதலாளியின் நாக்கைப் போல இல்லை அது, அதில் கெஞ்சுகிற வார்த்தைகள்தான் இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"தமிழ் தெரியுமா? தமிழ், தமிழ்?"

"ஜாணே! ஜாணே!"

"சுத்தமாத் தமிழ் வரல. நல்லவேள, சீக்கில்ல" என்று அவர் பஸ் நோட்டை இழுத்து, "பேரு என்னமோ சொல்லுச்சே, சுகாந்தியா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். சு, கா, ந், தி. ஒரு காலும் குறையாமல், அழகான கையெழுத்து. எழுதி முடித்துவிட்டு அவளுடைய சேலைக்கட்டையும் மூக்குத்தியையும் பார்த்ததும் அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. குப்பண்ணனைப் பார்த்துத் திரும்பினார்.

"பெரியவரே, உள்ளூர் ஆளு மாதிரியும் இருக்குது. இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

குப்பண்ணன் பழனாத்தாளைப் பார்த்தார். குடோனின் பின்பக்க ஜன்னலை ஒரு தடவை பார்த்தார், கதவில் தொங்கிய பூட்டை ஒரு தடவை பார்த்தார்.

"தெரியாதுங்க."

கிளார்க் பச்சை ஸ்டிக்கர் ஒன்றை உரித்துப் பழனாத்தாளின் தோளில் ஒட்டி, பஸ்ஸைக் கைகாட்டினார். குப்பண்ணன் எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கித் தன் முக்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார்.